டியூப்லெஸ் ரிம் டேப்: விட்டுவிடலாமா, மேலேயே சுற்றலாமா, உரித்துப் புதிதாக ஒட்டலாமா?

சைக்கிளின் டியூப்லெஸ் டயரை (உள்ளே டியூப் இல்லாமலே காற்றைப் பிடிக்கும் வகை) மாற்றுவதற்காகக் கழற்றியாகிவிட்டது. பழைய சீலன்ட்டை (ஓட்டைகளை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்) துடைத்ததும், ஸ்போக் துளைகளை மூடிக் காற்றைத் தடுக்கும் ரிம் டேப் உள்ளே தெரிகிறது. ஒரு பக்க ஓரம் லேசாக எழும்பியிருக்கிறது, ஸ்போக் துளைகளுக்கு மேலே சின்னச் சின்னக் குழிகள், வால்வு ஓட்டையைச் சுற்றிக் கிழிசல் இருக்கிற மாதிரியும் தெரிகிறது, இல்லாத மாதிரியும் தெரிகிறது. இத்தனைக்கும் இதுவரை காற்று நன்றாகத்தான் நின்றது. இந்த நிலையில் யாரைக் கேட்டாலும் இரண்டு பதில்தான் வரும்: ஒவ்வொரு டயர் மாற்றத்துக்கும் புது டேப் போடு என்பார்கள், அல்லது காற்று நிற்கிற வரை கை வைக்காதே என்பார்கள். எந்த டேப், எந்த ரிம், எவ்வளவு அழுத்தம் என்று திருப்பிக் கேட்பவர்கள் குறைவு. பதில் அந்த மூன்றில்தான் இருக்கிறது.

டேப்பின் விலையை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. இந்த வேலையில் உண்மையான செலவு, கொட்டிப்போகும் சீலன்ட், பசையைச் சுரண்டும் நேரம், அரித்துப்போன நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் பிடித்திருக்கும் சின்ன நட்டு), கடைசியில் ரிம்மில் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் டயர். டேப் எப்படி ஒட்டுகிறது என்பதைவிட எப்படி உரிந்து வருகிறது, டயருக்கு எவ்வளவு இடம் விடுகிறது என்பதைப் பாருங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, உங்கள் அழுத்தத்துக்கு அது தாங்குமா என்பது. ரோடு சைக்கிளில் 5 பார் அழுத்தம் என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு அரை நியூட்டன். 8 மி.மீ. விட்டமுள்ள ஸ்போக் துளையின் பரப்பு சுமார் 50 சதுர மி.மீ. ஆக, ஒவ்வொரு துளையின் மேலும் இருக்கிற டேப் 25 நியூட்டனை, அதாவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடையை, இரவும் பகலும் சுமக்கிறது. அதே துளை, 1.5 பாரில் ஓடும் மலைச் சைக்கிளில் என்றால் முக்கால் கிலோதான். ஒரே டேப்பை ஒருவர் வருடக்கணக்கில் நன்றாக இருக்கிறது என்பதும், இன்னொருவர் சில வாரத்தில் போய்விட்டது என்பதும் இதனால்தான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இரண்டாவது, தடிமன். இதை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. 0.15 மி.மீ. டேப்பை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால், டயரின் பீட் (ரிம்மைப் பிடித்து உட்காரும் அதன் விளிம்பு) உட்காரும் இடத்தின் விட்டம் 0.3 மி.மீ. கூடும், சுற்றளவு கிட்டத்தட்ட 1 மி.மீ. கூடும். பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் பீட் என்பது நீளவே கூடாது என்று செய்யப்பட்ட வளையம், அதற்கு அந்த ஒரு மில்லிமீட்டர் பெரிய விஷயம். தளர்வாக உட்காரும் டயருக்கு இது வரம், ஏற்கெனவே இறுக்கமான டயருக்கு, அதை நெம்பி மாட்டும் லீவரையே உடைக்கும் வேலை.

மூன்றாவது, உரியும் விதம். நான்காவது, கசிந்தால் என்ன கெடும் என்பது. டேப்பைத் தாண்டி உள்ளே போகும் சீலன்ட் அலுமினிய நிப்பிளை மெல்ல அரிக்கும், அம்மோனியா கலந்த சீலன்ட் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பித்தளை நிப்பிள் உள்ள சக்கரத்தில் கொஞ்சம் அலட்சியமாக இருக்கலாம். கார்பன் ரிம்மும் அலுமினிய நிப்பிளும் சேர்ந்த சக்கரத்தில் அந்த அலட்சியம் வேண்டாம்.

## அதற்கு முன், டேப்தான் குற்றவாளியா?

காற்று இறங்குகிறது என்பதற்காக மட்டும் டேப்பை உரிக்கப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். காற்றை நிரப்பி, சோப்புத் தண்ணீரை டயரின் பக்கச் சுவர், பீட் ஓரம், வால்வு நட், நிப்பிள்கள் என்று எல்லா இடத்திலும் தடவுங்கள். பக்கச் சுவரிலோ பீட் ஓரத்திலோ குமிழி வந்தால் டேப்பைத் தொட வேண்டியதில்லை, அது டயரின் பிரச்சினை, சீலன்ட் ஊற்றிக் குலுக்கினால் பெரும்பாலும் தீரும்.

நிப்பிளில் குமிழி வந்தால் டேப் அல்லது வால்வு. இதில் பலர் ஏமாறுவது ஒரு இடத்தில்: ஏழாவது நிப்பிளில் குமிழி வந்தால் ஏழாவது துளையின் டேப்தான் போயிருக்கிறது என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. டேப்பில் எங்கே ஓட்டை இருந்தாலும் காற்று முதலில் ரிம்மின் உள்கூட்டை நிரப்பும், பிறகு எந்த வழி சுலபமோ அந்த வழியாக வெளியே வரும். வால்வு நட்டில் தெரியும் குமிழிகூட எதிர்ப்பக்கத்து ஓட்டையின் வேலையாக இருக்கலாம். முதலில் வால்வு நட்டைக் கையால் சற்று இறுக்கிப் பாருங்கள், வால்வின் அடி ரப்பர் சிதைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டேப்பின் மேல் விழும் பழி பாதி நேரம் வால்வுக்குச் சேர வேண்டியது.

## வழி 1: அப்படியே விட்டுவிடுவது

டேப் ஓரம் முழுக்க ஒட்டியிருக்கிறது, குழிகள் ஆழமில்லை, நகத்தால் தடவினால் வழுவழுப்பாக இருக்கிறது, வால்வு ஓட்டை வட்டமாகவே இருக்கிறது, டயரும் காற்றை நன்றாகப் பிடித்தது என்றால் விட்டுவிடுங்கள். டயர் புதிது என்பதற்காக டேப்பும் புதிதாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. குறைந்த அழுத்தத்தில் ஓடும் மலைச் சைக்கிளிலும், சரளைப் பாதையில் ஓட்டும் கிராவல் சைக்கிளிலும் நல்ல டேப் பல டயர்களைப் பார்க்கும்.

மறைமுகச் செலவு என்னவென்றால், பிரச்சினை டயரைப் போட்டுச் சீலன்ட் ஊற்றிய பிறகுதான் தெரியும். அப்போது புதிதாக ஊற்றிய சீலன்ட் முழுக்கத் துடைப்புத் துணிக்குப் போகும், மலைச் சைக்கிள் டயர் என்றால் அது ஒரு சக்கரத்துக்கே 100 மில்லி அளவு. இதைத் தவிர்க்க வழி இருக்கிறது: டயரைச் சீலன்ட் இல்லாமல் மாட்டி, காற்றடித்து, சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். டயரின் துவாரங்கள் வழியாக மெதுவாக இறங்கலாம், அது இயல்பு. நிப்பிள் பக்கம் உஸ் என்று சத்தம் கேட்டால் மட்டும் டேப்பைக் கவனித்தால் போதும்.

டயர் கழற்றும்போதே டேப்பைக் காப்பாற்றுவதும் இதில் அடக்கம். காய்ந்த சீலன்ட், பீட்டையும் டேப்பையும் சேர்த்து ஒட்டிவிடும். அப்படியே வெடுக்கென்று இழுத்தால் டேப்பின் ஓரமும் சேர்ந்து வரும். பீட்டை ரிம்மின் நடுப்பள்ளத்தை நோக்கிக் கையால் தள்ளி விடுவித்த பிறகு தூக்குங்கள். லீவர் அவசியம் என்றால் பிளாஸ்டிக் லீவர், அதையும் நுனி மட்டும் உள்ளே போகும்படி.

## வழி 2: கெட்ட இடத்தில் மட்டும் ஒட்டுப்போடுவது

சின்னத் துண்டை வெட்டி ஓட்டையின் மேல் ஒட்டுவது. இதைச் செய்யத் தோன்றாதவர் கிடையாது. இது நிற்காததற்குக் காரணம் துண்டின் இரண்டு முனைகள்: ஒவ்வொரு முனையும் சீலன்ட் நுழைய ஒரு வாசல், டயரின் பீட் உரசி உரிக்க ஒரு பிடி.

நியாயமான சந்தர்ப்பம் ஒன்று உண்டு. ஒரே ஒரு ஸ்போக் உடைந்து நிப்பிளை மாற்ற வேண்டி வந்தது, மற்றபடி டேப் புதிது. அப்போது அந்த இடத்தை மட்டும் திறந்து, வேலையை முடித்து, இரண்டு பக்கமும் அடுத்த துளையைத் தாண்டும் அளவு நீளமாக, ரிம்மின் முழு அகலத்துக்கும் ஒட்டலாம். குறைந்த அழுத்தச் சக்கரமாக இருந்தால் இது நிற்கும். ரோடு சைக்கிளில் செய்ய மாட்டேன்.

## வழி 3: பழையதன் மேலேயே இன்னொரு சுற்று

எல்லோருக்கும் பிடித்த சமரசம் இதுதான். உரிக்க வேண்டாம், பசை சுரண்ட வேண்டாம், புதிதாக ஒரு சுற்று மேலே. சில நேரம் இது சரியான வேலைதான், சோம்பேறித்தனம் இல்லை. டயர் தளர்வாக இருந்து, சாதாரணக் கைப்பம்பில் பீட் ஏறவே மாட்டேன் என்றால் கூடுதல் சுற்று அந்த இடைவெளியை அடைக்கும். ரோடு ரிம்முக்கு ஒரே சுற்று போட்டு விற்றிருந்தால் இரண்டாவது சுற்று துளைகளுக்கு வலு சேர்க்கும்.

ஆனால் அடியில் இருப்பது நன்றாக ஒட்டியிருக்க வேண்டும், அது இல்லாமல் இந்த வழி இல்லை. டேப்பின் முதுகு, சுருளிலிருந்து சுலபமாகப் பிரியட்டும் என்றே வழுக்கலாகச் செய்யப்பட்டது, பசை அதைச் சுத்தமான அலுமினியத்தைப் பிடிப்பது போலப் பிடிக்காது. புதிதாகவே இரண்டு சுற்று போடும்போது இது பெரிய தொல்லை இல்லை, இரண்டும் சுத்தம், இரண்டும் ஒரே இழுப்பில் இறுகும். பழைய டேப்பின் மேலே காய்ந்த சீலன்ட்டின் மெல்லிய படலம் வேறு இருக்கும். அதைத் துடைக்காமல் ஒட்டினால் புது டேப் அந்தப் படலத்தைத்தான் பிடிக்கிறது, ரிம்மை இல்லை. அடி டேப்பின் ஓரம் ஏற்கெனவே எழும்பியிருந்தால் கேட்கவே வேண்டாம்: இரண்டுக்கும் நடுவே சீலன்ட் புகுந்து, அடுத்த முறை உரிக்கும்போது இரண்டு அடுக்குப் பிசுபிசுப்பு.

குழிகள்தான் கவலை, டயரோ இறுக்கம் என்றால் இன்னொரு தந்திரம் இருக்கிறது. நடுப்பள்ளத்தின் அகலத்துக்கு மட்டும் ஒரு குறுகிய டேப்பைத் துளைகளின் மேல் சுற்றி, அதற்கு மேல் அகலமான டேப்பை ஒரு சுற்று. துளைகளுக்கு இரட்டை வலு கிடைக்கும், பீட் உட்காரும் இடத்தில் தடிமன் கூடாது. இதைப் பழைய டேப்பின் மேல் செய்வதைவிட வெறும் ரிம்மில் செய்வதுதான் அழகு, அதனால் நேராக நான்காவது வழிக்கு வந்துவிடுகிறோம்.

## வழி 4: முழுக்க உரித்துப் புதிதாக ஒட்டுவது

ஓரம் எழும்பியிருந்தால், டேப் பக்கவாட்டில் நகர்ந்து துளையின் விளிம்பு எட்டிப் பார்த்தால், வால்வு ஓட்டை கிழிந்திருந்தால், டேப்புக்கு அடியில் சீலன்ட் தெரிந்தால் வேறு பேச்சே இல்லை. இதுதான் வழி. நிறைய நேரம் எடுக்கும், ஆனால் இதில் மட்டும் கிடைக்கும் ஒரு லாபம் உண்டு: நிப்பிள்களைக் கண்ணால் பார்க்கலாம். வெள்ளை மாவு மாதிரிப் படிந்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. சக்கரத்தின் கோணலை எடுக்க வேண்டும் என்று தள்ளிப்போட்டிருந்தால், திருப்பும்போது நிப்பிளின் மூலைகள் தேய்ந்து சாவி வழுக்கினால் அதை மாற்றிவிட வசதியான நேரமும் இதுதான்.

மெதுவாக, டேப்பை அதன் மேலேயே மடித்த மாதிரித் தாழ்ந்த கோணத்தில் இழுத்து உரியுங்கள். பழசாகிக் கெட்டிப்பட்டிருந்தால் தலைமுடி உலர்த்தியால் லேசாகச் சூடு காட்டலாம், லேசாக என்றால் கை பொறுக்கும் அளவு. மீதிப் பசைக்கு சிட்ரஸ் எண்ணெய் கலந்த பசை நீக்கி நன்றாக வேலை செய்யும், ஆனால் அதுவே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். ஆகவே கடைசிக் கை எப்போதும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்தான், நூல் உதிராத துணியில் தொட்டு, துணி அழுக்காகாமல் வரும் வரை துடைக்க வேண்டும். கார்பன் ரிம்மில் அசிட்டோன் போன்ற வீரியமான திரவங்கள் வேண்டாம். சுரண்ட உலோகமும் வேண்டாம், பிளாஸ்டிக் போதும். துளை விளிம்பில் கூர்மையாக ஏதாவது தட்டுப்பட்டால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து விடுங்கள், இல்லையென்றால் புது டேப்பும் அதே இடத்தில்தான் கிழியும்.

அகலம்: ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 5 மி.மீ. கூடுதல் என்பது பொதுவான கணக்கு. உள்ளே பள்ளமும் மேடும் இருப்பதால் டேப் வளைந்து இறங்க வேண்டும், அதற்குத்தான் இந்தக் கூடுதல். 25 மி.மீ. உள் அகலமுள்ள ரிம்முக்கு 28 அல்லது 30. ரிம் செய்தவர் தனியாக ஒரு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி. அகலம் அதிகமான டேப்பை ஒட்டிவிட்டு ரிம்மிலேயே பிளேடால் வெட்டுவது கெட்ட பழக்கம், அந்தக் கீறல் ரிம்மில் தங்கும்.

வால்வு ஓட்டைக்கு 10 செ.மீ. முன்னால் தொடங்கி, டேப் விறைப்பாக நிற்கும் அளவு இழுத்துப் பிடித்துச் சுற்றி, வால்வைத் தாண்டி 10 செ.மீ. வரை போய் முடியுங்கள். வால்வு இருக்கும் இடத்தில் இப்படி ஒரு அடுக்கு கூடுதலாக அமையும். இழுப்புதான் எல்லாம். தளர்வாக ஒட்டிய டேப்பில் ஒரு சுருக்கம் விழுந்தால் அது காற்றுக்குப் போடப்பட்ட வாய்க்கால். முடித்ததும் துணியைக் கட்டைவிரலில் சுற்றி நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே ஒரு முழுச் சுற்று. வால்வுக்குக் கத்தியால் பெருக்கல் குறி கிழிக்காதீர்கள், அந்த நான்கு மூலையும் காலப்போக்கில் ஓடும். கூரான ஊசியால் சின்ன வட்டமாகக் குத்தி, வால்வையே நுழைத்து அகலப்படுத்துங்கள். ஊசியைச் சூடாக்கிக் குத்தினால் விளிம்பு உருகி மூடிக்கொள்ளும்.

பிறகு ஒரு டியூபை உள்ளே போட்டு டயரை மாட்டி, காற்றடித்து, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். இந்த வகைப் பசைக்கு அழுத்தமும் நேரமும்தான் உணவு. அவசரப்பட்டு உடனே சீலன்ட் ஊற்றுகிறவர்கள்தான் இந்த டேப் சரியில்லை என்று பிறகு சொல்வது.

ஒரு சுற்றா இரண்டா? மலைச் சைக்கிள், கிராவல் அழுத்தத்துக்கு ஒன்று போதும். ரோடு சைக்கிளுக்கு, மேலே சொன்ன இரண்டரைக் கிலோவை நினைவில் வைத்து, இரண்டு. அல்லது அந்தக் குறுகிய டேப் தந்திரம்.

## எந்த டேப்?

| டேப் | தடிமன் | உரிக்கும்போது | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|
| பாலிப்ரொப்பிலீன் (பெரும்பாலான டியூப்லெஸ் டேப்கள் இதுதான்) | 0.1 – 0.15 மி.மீ. | புதிதாக இருக்கும்வரை சுத்தமாக வரும், வயதானால் பசை மிஞ்சும் | எல்லாவற்றுக்கும் |
| பாலிஇமைடு | 0.06 மி.மீ. அளவிலேயே கிடைக்கும் | சிலிக்கோன் பசை, மிகச் சுத்தமாக வரும் | இறுக்கமான டயர், சூடேறும் ரிம்-பிரேக் சக்கரம் |
| துணி அடித்தளமுள்ள டக்ட் டேப், கொரில்லா டேப் வகை | 0.4 மி.மீ.க்கும் மேல் போகும் | படுமோசம் | தளர்வான டயருள்ள அகல ரிம், அவசரத்துக்கு |
| வார்த்த பிளாஸ்டிக் பட்டை | மாறுபடும் | பசையே இல்லை, கழற்றி மாட்டலாம் | அந்த ரிம்முக்கென்றே செய்தது இருந்தால் மட்டும் |
| மின் வயருக்குச் சுற்றும் டேப் | மெல்லியது | பிசுபிசுப்பு | வேண்டாம், நீண்டு துளைக்குள் இறங்கிவிடும் |

பாலிஇமைடு பற்றி ஒரு எச்சரிக்கை. இழுத்தால் அறாது, ஆனால் ஓரத்தில் லீவர் ஒரு சின்னக் கீறல் போட்டுவிட்டால் கிழிசல் அங்கிருந்து சரசரவென்று ஓடும். அடிக்கடி டயர் மாற்றுகிறவருக்கு ஏற்றதில்லை. துணி டேப்பில் தடிமன் மட்டும் பிரச்சினை இல்லை, ஓரத்தில் தெரியும் நூல்கள் விளக்குத்திரி போலச் சீலன்ட்டை உறிஞ்சி உள்ளே கொண்டுபோகும். அதை உரித்தவர்கள் இரண்டாம் முறை ஒட்டுவதில்லை.

பெட்டிகளைக் கட்டுவதற்கென்று தொழிற்சாலைகளுக்குச் செய்யும் டேசா 4289, 3எம் 8898 போன்ற டேப்களைப் பல சைக்கிள்காரர்கள் தேடிப் போகிறார்கள். தரத்தில் குறையில்லை, சைக்கிள் பெயர் போட்ட டேப்பும் இதே குடும்பம்தான், மீட்டருக்கு மீட்டர் பார்த்தால் சிக்கனமும்கூட. ஆனால் டேசா சுருள் 66 மீட்டர் நீளத்தில் வரும். 622 மி.மீ. விட்டமுள்ள ரிம்மின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, இரண்டு சுற்றும் மேற்பொருத்தமும் சேர்த்து ஒரு சக்கரத்துக்கு நான்கு மீட்டருக்குச் சற்று மேல். பதினைந்து சக்கரம்! நண்பர்கள் நாலைந்து பேர் பங்கு போட்டால் சரி, தனியாளுக்கு அது தீருவதற்குள் பசை கிழடுதட்டிவிடும். பத்து மீட்டர்ச் சுருள் ஒரு ஜோடி ரோடு சக்கரத்துக்கு இரண்டு சுற்றும், அல்லது இரண்டு ஜோடி மலைச் சக்கரத்துக்கு ஒரு சுற்றும் வரும். நிறையப் பேருக்கு அதுவே போதும்.

துளையே இல்லாத ரிம்மும் உண்டு. 1999இல் மாவிக், ஹட்சின்சன், மிஷெலின் நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்த யூ.எஸ்.டி. (UST) டியூப்லெஸ் ஏற்பாட்டில் ரிம்மின் மேல்தளத்தில் ஸ்போக் துளை கிடையாது, டேப்பும் தேவையில்லை. டேப்புக்காக மட்டும் சக்கரம் மாற்றுவது அதிகப்படி, ஆனால் எப்படியும் சக்கரம் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

## மீதிச் சுருளையும் சக்கரத்தையும் எடுத்து வைப்பது

சுருளுக்கு எதிரிகள் மூன்று: சூடு, வெயில், தூசி. ரப்பர் பசை வெயிலிலும் காற்றிலும் கெட்டிப்பட்டு மஞ்சளாகும். சுருளின் பக்கவாட்டில் பசை விளிம்பு தெரிகிறதல்லவா, அங்கே ஒட்டும் மணல்தான் நாளை டேப்பின் ஓரத்தில் கசிவு. ஜிப் பையில் காற்றை வெளியேற்றிப் போட்டு, அறையின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். கருவிப் பெட்டியில் கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் வேண்டாம், காரின் பின்பெட்டியில் நிச்சயமாக வேண்டாம். பல ஒட்டு டேப்களுக்குச் செய்பவர்கள் சொல்லும் ஆயுள் ஓராண்டு, இரண்டாண்டுதான், அதுவும் மிதமான வெப்பத்தில். நடைமுறையில் அதற்கு மேலும் வரும். சந்தேகமாக இருந்தால் முதல் ஒரு சுற்றை வெட்டி எறிந்துவிட்டு, அடுத்த துண்டைச் சுத்தமான உலோகத்தில் ஒட்டி உரித்துப் பாருங்கள். பசை டேப்பிலிருந்து பிரிந்து உலோகத்திலேயே தங்கினால் அந்தச் சுருள் பார்சல் கட்டத்தான் ஆகும். வாங்கிய மாதத்தை உள் அட்டையில் எழுதி வைத்துவிட்டால் இந்தச் சோதனையும் அடிக்கடி வேண்டியிருக்காது.

சக்கரத்தைப் பல மாதம் சும்மா வைக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு வழி. டயரை மாட்டியபடியே வைத்தால் அழுத்தம் டேப்பைப் பிடித்திருக்கும், ஆனால் அவ்வப்போது கொஞ்சம் காற்றடித்து, சக்கரத்தைச் சுழற்றி வைக்க வேண்டும். இல்லையென்றால் சீலன்ட் ஒரே இடத்தில் தேங்கிக் காய்ந்து, பீட்டும் டேப்பும் ஒன்றாகிவிடும். கவனிக்க முடியாது என்று தெரிந்தால் சீலன்ட்டை வழித்து எடுத்து, டியூப் போட்டு, காற்றை மிதமாக வைத்து மாட்டிவிடுங்கள். இந்த இரண்டில் எனக்குப் பிடித்தது டியூப் போட்டு வைப்பதுதான். டயரே இல்லாமல் டேப்போடு தொங்கவிடுவது இரண்டையும்விட மோசம், ஓரங்களைப் பிடிக்க எதுவும் இல்லை, தூசி மட்டும் சேரும். அப்படி வைக்க வேண்டிய கட்டாயம் என்றால் டேப்பை உரித்துச் சுத்தம் செய்து வெறும் ரிம்மாகவே வையுங்கள். பசை இறுகுவதற்கு முன் உரிப்பது சுலபம், திரும்ப எடுக்கும்போது எப்படியும் புது டேப்தான் போடப் போகிறீர்கள்.